பாதிக்குப் பாதி தள்ளுபடின்னு ஃபோன் வருதா? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கணக்குப் பாருங்க!



நம்ம பக்கத்துக்கு வரும் செய்திகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "மூணு மாசமா டியூ கட்ட முடியல. தொண்ணூறாயிரம் பாக்கி. நாற்பத்தஞ்சாயிரம் ஒரே தடவையா கட்டினா கணக்கை முடிச்சுடுறோம்னு ஃபோன் பண்றாங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். கட்டிடலாமா?"

இதுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. அந்த நாற்பத்தஞ்சாயிரம் எங்கிருந்து வருது என்பதில்தான் பதில் இருக்கு. அதனால இன்னைக்கு அரசியல் பேசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்குப் பேசுவோம். கணக்கு முடியும்போது அரசியல் தானா வந்து நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு, திருப்பூரில் ஒரு குடும்பத்தை வைச்சுக்குவோம். கணவர் பவர் டேபிள் டெய்லர். மனைவி செக்கிங் வேலை. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைஞ்சு, ஷிஃப்ட் குறைஞ்சு, மாசம் 32,000 வந்த வீட்டில் இப்போ 22,000 வருது. வாடகை, அரிசி, கரண்ட், பசங்க பஸ் செலவு எல்லாம் இழுத்துப் பிடிச்சாலும் 16,000 ஆயிடும். மிச்சம் 6,000.

இப்போ கடன் பக்கம் வாங்க. முதல் குழுக்கடனுக்கு மாசம் 2,600. இரண்டாவது குழுக்கடனுக்கு 2,300. தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கின பர்சனல் லோன் பாக்கி 90,000, அதுக்கு மாசத் தவணை 5,200. கூட்டுறவு வங்கியில் மூணு பவுன் நகை மேல 75,000, அதுக்கு வட்டி மாசம் 600 கணக்கு. கடைசியா, தெருமுனையில் ஒருத்தர்கிட்ட பத்து வட்டிக்கு வாங்கின 20,000. அதுக்கு வட்டி மட்டும் மாசம் 2,000.

மொத்தம் 12,700. கையில் இருப்பது 6,000. மாசாமாசம் துண்டு விழுவது 6,700. இந்தக் குடும்பம் சோம்பேறிக் குடும்பமா? ஆடம்பரக் குடும்பமா? ரெண்டும் இல்ல. வருமானம் போச்சு, தவணை போகல. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகள் எடுக்கிற முதல் முடிவு இன்னொரு கடன். "டாப்-அப் தர்றோம் அக்கா, பழசை அடைச்சுக்கலாம், கையிலயும் பத்தாயிரம் நிற்கும்." கேட்க இதமா இருக்கும். இந்த வீட்டுக்கு மாசம் 6,000-க்கு மேல கட்டும் சக்தி இல்லைன்னு கணக்கு சொல்லுது. அந்தச் சக்தியைக் கூட்டாத எந்தப் புதுக்கடனும் நாளைக் கடத்தும், அவ்வளவுதான். ஆப்-ல ஏழு நாளைக்குக் கடன் தர்றவங்களைப் பத்திச் சொல்லவே வேண்டாம். உங்க கான்டாக்ட் லிஸ்ட், போட்டோ கேலரி எல்லாத்துக்கும் அனுமதி கேட்கிற எந்தக் கடன் ஆப்பையும் ஃபோனில் வைக்காதீங்க.

சரி, வேற என்ன வழி?

முதல்ல கொல்ல வேண்டியது அந்தப் பத்து வட்டியை. தொகை சின்னதா இருக்கேன்னு விட்டுடுவோம். ஆனா 20,000 கடனுக்கு வருஷத்துக்கு வட்டி மட்டும் 24,000. அசலைத் தாண்டிடுச்சு, அசல் அப்படியே நிற்குது. ஃபோனில் கத்துற கம்பெனிக்கு பயந்து முதல்ல கட்டுறோம், சத்தமில்லாம ரத்தம் உறிஞ்சுற வட்டியைக் கடைசியில் வைக்கிறோம். யார் அதிகமா மிரட்டுறாங்க என்பதை வைச்சு வரிசை போடாதீங்க. எது அதிகமா வளருது, எது கட்டலைன்னா வீடு, நகை போயிடும், இந்த ரெண்டையும் வைச்சு வரிசை போடுங்க.

பணத்துக்கு எங்க போறது? நகைதான். இதைச் சொன்னா பல அம்மாக்களுக்குக் கோபம் வரும்னு தெரியும். நம்ம வீடுகளில் நகையை அடகு வைக்கிறது சாதாரணம், விற்கிறது மட்டும் மானக்கேடு. அதனால வருஷாவருஷம் வட்டி கட்டி, திருப்பி வைச்சு, ஒருநாள் கட்ட முடியாம ஏலத்துக்கு விடுறோம். ஏலத்தில் கடன் போக மிச்சப் பணம் உங்களுக்கே சேர வேண்டியது. ஆனா அது எத்தனை பேருக்குத் தெரியும்? பவுன் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் ஒரு பவுனை விற்றாலே அந்த 75,000 அடைஞ்சிடும். இன்னும் அரைப் பவுன் அளவு போனா பத்து வட்டியும் காலி. மீதி நகை அடகுக் கடையில் இல்லாம வீட்டு பீரோவில் இருக்கும். எங்க கருத்தில் இது தோல்வி இல்ல, புத்திசாலித்தனம். ஒரே எச்சரிக்கை: "அடகு நகையை மீட்டு நாங்களே வாங்கிக்கிறோம்"னு போர்டு வைச்சிருக்கிற கடைகளில் எடை, கழிவு, கமிஷன் மூணையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. ரெண்டு கடையில் விலை கேட்காம கொடுக்காதீங்க.

இப்போ மாசத் தவணை 10,100-க்கு இறங்கிடுச்சு. இன்னும் 4,100 இடிக்குது.

அடுத்தது பர்சனல் லோன். இங்கதான் அந்த "பாதிக்குப் பாதி" ஃபோன் வரும். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய இன்னொன்னு இருக்கு, அதை எந்த கலெக்ஷன் ஏஜென்ட்டும் தானா சொல்ல மாட்டார்: தவணையை நீட்டித் தரச் சொல்றது. வருமானம் குறைஞ்சதுக்கு ஆதாரம் (சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், கம்பெனி லெட்டர் எது இருந்தாலும்) வைச்சு, எழுத்தில் கேளுங்க. ஆண்டுக்கு 24 சதவீத வட்டின்னு வைச்சா, 90,000-ஐ நாலு வருஷத்துக்கு நீட்டும்போது தவணை சுமார் 2,950 ஆகும். இது சும்மா வராது. பழையபடி கட்டினா ஆகுறதை விட மொத்தத்தில் ஏறக்குறைய 29,000 ரூபாய் கூடுதலா போகும். சிபில் அறிக்கையிலும் மறுசீரமைப்பு ஆனதா பதிவாகலாம். ஆனாலும் வீட்டில் அடுப்பு எரியும், வாசலில் ஆள் நிற்க மாட்டான். நிறுவனம் கட்டாயம் ஒத்துக்கணும்னு சட்டம் இல்ல, அதையும் சொல்லிடறோம். ஆனா எழுத்தில் கேட்டு, பதில் வராமலோ நியாயமில்லாத பதில் வந்தாலோ, அந்தக் கடிதம் நாளைக்கு உங்க பக்கத்து ஆதாரம்.

குழுக்கடனுக்கும் இதேதான். ரெண்டு குழுவும் சேர்த்து மாசம் 3,000-க்கு ஒத்துக்கிட்டா, 2,950-ம் சேர்ந்து 5,950. கையில் இருக்கிற ஆறாயிரத்துக்குள்ள நூலிழையில் நின்னுடும். தீபாவளிக்குத் துணி எடுக்க முடியாது. ஆனா பிழைச்சுக்கலாம்.

இப்போ செட்டில்மென்ட்டுக்கு வருவோம். 90,000-க்கு 45,000. பார்த்தா பாதி மிச்சம். அந்த 45,000-ஐ அதே பத்து வட்டிக்காரர்கிட்ட வாங்கினா மாசம் வட்டி 4,500. ஒரு வருஷத்தில் 54,000 வட்டி கட்டியிருப்பீங்க, 45,000 அசல் அப்படியே நிற்கும். பாதி தள்ளுபடி வாங்கினவர் முழுக்கடனை விட அதிகம் கட்டியிருப்பார். சொந்தப் பணம், பிஎஃப் பணம், விற்ற நகை, திருப்பிக் கேட்காத உறவுக்காரர் கொடுத்த கைமாத்து, இப்படி வட்டியில்லாத பணம் இருந்தா, அதுவும் தவணை நீட்டிப்புக்கு வழியே இல்லைன்னு ஆன பிறகு, செட்டில்மென்ட் நியாயமான வழிதான். நாங்க அதை வேண்டாம்னு சொல்லல.

ஆனா விலை என்னன்னு தெரிஞ்சு வாங்குங்க. சிபிலில் அந்தக் கடன் "குளோஸ்டு"ன்னு வராது, "செட்டில்டு"ன்னு வரும். அடுத்த தடவை வீட்டுக்கடனோ, பையன் படிப்புக்குக் கடனோ கேட்கும்போது அந்த ஒரு சொல் ஆண்டுக்கணக்கில் குறுக்கே நிற்கும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, விவசாயம் அல்லாத கடனில் செட்டில்மென்ட் செய்தவருக்கு அதே நிறுவனம் குறைஞ்சது 12 மாசத்துக்குப் புதுக்கடன் தரக்கூடாது. இதெல்லாம் ஏஜென்ட் ஃபோனில் சொல்றாரா?

பணம் கட்டுறதுக்கு முன்னாடி நிறுவனத்தோட லெட்டர்ஹெட்டில் கடிதம் வரணும். அதில் கடன் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, தேதி, இதோட மொத்தக் கணக்கும் முடியுதுன்னு ஒரு வரி, எல்லாம் இருக்கணும். வாட்ஸ்அப்பில் வர்ற படம் கடிதம் இல்ல. நிறுவனத்தின் கிளையில் போய் உறுதி பண்ணுங்க. பணம் கடன் கணக்குக்கே போகணும். ஏஜென்ட்டோட ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய் கூடப் போடாதீங்க, "டார்கெட் இருக்கு சார், நானே கட்டிடறேன்"னு கெஞ்சினாலும் சரி. கட்டினதும் பாக்கி இல்லை என்ற சான்று, கொடுத்து வைச்ச செக், தானா பணம் பிடிக்கிற அனுமதி ரத்து, மூணையும் கேட்டு வாங்குங்க. வீட்டுப் பத்திரம் வைச்ச கடனா இருந்தா, கணக்கு முடிஞ்ச 30 நாளுக்குள்ள பத்திரம் திரும்பக் கைக்கு வரணும். அவங்க தப்பால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். இதுவும் ரிசர்வ் வங்கி விதி, 2023 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கு.

புதுசா ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. "உங்க கடனை நாங்க பேசி முடிச்சுத் தர்றோம், எல்லா டியூவையும் நிறுத்துங்க, எங்களுக்கு மாசம் இவ்வளவு கட்டுங்க"ன்னு விளம்பரம் பண்ற ஏஜென்சிகள். முன்பணம் கேட்டாலே கதவைச் சாத்துங்க. நீங்க டியூ நிறுத்தின மாசத்திலிருந்து அபராதம் ஏறும், கேஸ் வரும். அவங்களுக்கு மட்டும் பணம் சரியா போகும். அவங்க பேசுறதை நீங்களே பேசலாம். உங்களால முடியலைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கு ஃபோன் பண்ணுங்க. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டுக்கு கேஸ் போகாத நிலையிலும் லோக் அதாலத்தில் வைச்சுப் பேசலாம். அங்க ஆகுற முடிவுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அப்பீல் கிடையாது. அதனால கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிட்டு வந்துடாதீங்க.

மிரட்டலைப் பத்தி ரெண்டு வார்த்தை. கடன் பாக்கி என்பது சிவில் விவகாரம். வெறும் பாக்கிக்காகப் போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போகாது. ஆனா நீங்க கொடுத்த செக் திரும்பினா அது வேற கதை, குற்ற வழக்கே வரும்; நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள்ள பணம் கட்ட வாய்ப்பு இருக்கு, அதைத் தவற விடாதீங்க. கூப்பிடுறதுக்கும் நேரம் இருக்கு. பொதுவா காலை 8 மணிக்கு முன்னாடியும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான மைக்ரோஃபைனான்ஸ் கடனில் அது காலை 9 முதல் மாலை 6 வரைதான். சொந்தக்காரங்களுக்கு, வேலை செய்ற இடத்துக்கு ஃபோன் போட்டு அசிங்கப்படுத்துறதும், பேரை எழுதி ஒட்டுறதும் தடை. குழுக்கடன் வசூல் பேசி வைச்ச பொது இடத்தில்தான். ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ தொடர்ந்து நீங்க அங்க வரலைன்னாதான் வீட்டுக்கே வரலாம்.

இன்னொன்னு முக்கியம். எல்லாக் கடனுக்குமான தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாதுன்னு மைக்ரோஃபைனான்ஸ் விதியே சொல்லுது, 2022 ஏப்ரலிலிருந்து. நாலாவது குழுக்கடனைத் தூக்கிக் கொடுத்த மேனேஜர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரான்னு கேளுங்க. கடன் வாங்கினவருக்கு மட்டும்தான் பொறுப்பா?

விதி இப்படி இருக்கு. நடக்கிறது என்ன? ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் அதே குழுவின் பெண்களையே உட்கார வைச்சு, "இவ கட்டலைன்னா உங்களுக்கு அடுத்த லோன் கிடையாது"ன்னு சொல்லிட்டு ஏஜென்ட் பைக்கில் சாய்ஞ்சு நிற்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணையே எதிரியாக்குற வசூல் முறை இது. குழுவில் இருக்கிற அக்காக்களுக்கு எங்க வேண்டுகோள்: அந்த வாசலில் உட்காராதீங்க. அடுத்த மாசம் அது உங்க வாசலா இருக்கலாம். வீடியோ எடுங்க, தேதி நேரம் எழுதி வைங்க, நிறுவனத்துக்குப் புகார் கொடுங்க. 30 நாளில் சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், செலவே கிடையாது. விவரத்துக்கு 14448.

கந்துவட்டிக்காரரா இருந்தா நேரா போலீஸ். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் எது பேர் வைச்சாலும் மூணு வருஷம் வரை சிறை. 2025-ல் கடன் வசூல் வன்முறைக்கு எதிரா தனிச் சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இல்லாம இல்ல. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, ரெண்டு பச்சைக் குழந்தைகளோட, தீக்கு இரையானது. அன்னைக்கும் சட்டம் இருந்தது. மனு வாங்க ஆள் இருந்தாங்க, நடவடிக்கை எடுக்கத்தான் ஆள் இல்ல. இதைப் படிக்கிற யாருக்காவது மனசு அந்தப் பக்கம் போகுதுன்னா, இப்பவே 104 அல்லது 14416-க்கு ஃபோன் பண்ணுங்க. ராத்திரியானாலும் எடுப்பாங்க. எந்தக் கடனும் உங்க உயிருக்கு ஈடு இல்ல.

இப்போ அரசியலுக்கு வருவோம்.

பெரிய கம்பெனி கட்ட முடியலைன்னா என்ன நடக்குது? 2016-ல் வந்த திவால் சட்டம் இருக்கு, தனித் தீர்ப்பாயம் இருக்கு. அலோக் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு ஜவுளிக் கம்பெனி. வங்கிகளுக்கு வர வேண்டியதா ஏற்கப்பட்ட தொகை சுமார் 29,500 கோடி. திரும்பி வந்தது சுமார் 5,000 கோடி. அந்த வங்கி அதிகாரி யார் வீட்டு வாசலிலும் உட்காரல. வேண்டுமென்றே கட்டாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவரோடு கூட வங்கி சமரசம் பேசலாம்னு அதே 2023 ஜூன் விதி சொல்லுது. வங்கி ஊழியர் சங்கங்களே அதை எதிர்த்தாங்க. பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16 லட்சம் கோடிக்கு மேல ரைட்-ஆஃப் செய்ததா ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ரைட்-ஆஃப் என்பது முழுத் தள்ளுபடி ஆகாது, வசூலிக்கும் உரிமை தொடரும்; மேடைகளில் பலர் இதைக் குழப்பிப் பேசுறாங்க, நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்ல. உண்மையே போதுமான அளவு கசப்பா இருக்கு.

அதே 2016 சட்டத்தில் ஏழைக்கும் ஒரு பகுதி எழுதியிருக்காங்க. "புதிய தொடக்கம்"னு பேர். ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லாதவர் மனு போட்டா, கடனிலிருந்து விடுபட்டுப் புதுசா வாழ்க்கையைத் தொடங்கலாம். நல்லா இருக்குல்ல? அந்தப் பகுதியை அமலுக்கே கொண்டு வரல. தனிநபர்களுக்கான பகுதியில் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்.

அப்போ செக்கிங் வேலை பார்க்கிற அக்காவுக்கு மிஞ்சியது என்ன? வெள்ளைக்காரன் காலத்து 1920 சட்டம். நம்ம ஊரில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்"னு கேலியா சொல்லுவோமே, அந்த ஐ.பி. மனு. வக்கீல் செலவு, வருஷக்கணக்கில் அலைச்சல், இருக்கிற சொத்து கோர்ட் நியமிக்கிற அதிகாரி கைக்குப் போகும், ஊரெல்லாம் பேச்சு. (விடுதலை ஆகாத திவாலானவர் எம்.எல்.ஏ. ஆகவும் முடியாது. கம்பெனி திவாலானா முதலாளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல.) கடைசி வழியா அது இருக்கு, ஆனா வக்கீலைப் பார்க்காம அந்தப் பக்கம் போகாதீங்க.

"தேர்தல் வரட்டும், தள்ளுபடி வரும்"னு காத்திருக்கிற தோழர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆச்சு. அது லட்சக்கணக்கான விவசாயிகளுக்கு உயிர் கொடுத்தது. ஆனா அஞ்சு பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடின்னு வந்தபோது நிபந்தனைகள் வந்து, நகை வைச்சவர்களில் பெரும்பாலோர் பட்டியலுக்கு வெளியே நின்னாங்க. தனியார் நிதி நிறுவனக் கடனை மாநில அரசு தள்ளுபடி செய்றது அவ்வளவு சுலபம் இல்ல. யாராவது, எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும், மைக்ரோஃபைனான்ஸ் கடனைத் தள்ளுபடி பண்றோம்னு வாசலில் வந்து சொன்னா, எந்தப் பணத்தில், எந்தச் சட்டத்தில்னு கேளுங்க. அதை நம்பி டியூவை நிறுத்தாதீங்க.

நாம கேட்கிறது இது. "புதிய தொடக்கம்" பகுதியை ஒன்றிய அரசு அமலுக்குக் கொண்டு வரணும், 2016-ல் போட்ட அந்த வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு உயர்த்தணும். மாசம் ஐயாயிரம் ரூபாயில் எந்தக் குடும்பம் வாழுது? கந்துவட்டியில் மாட்டினவரை மீட்க, கூட்டுறவு வங்கிகள் சின்ன அளவில் கடன் மாற்றுக் கடன் தரணும். 20,000 ரூபாயை ஒற்றை இலக்க வட்டிக்கு மாத்தினாலே ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல மிச்சம். வேலை இழப்பு வரும் ஊர்களில் தவணை ஒத்திவைப்பைக் கேட்டு வாங்குவது மாநில அரசின் வேலை. கொரோனாவில் செய்ய முடிஞ்சது, வரி போட்டு ஊரே முடங்கினா ஏன் முடியாது?

இந்த வாரத்தில் உங்க வீட்டில் ஒரு வேலை பண்ணுங்க. ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்க: யார்கிட்ட, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஈடு என்ன, செக் கொடுத்திருக்கோமா. மறைச்சு வைச்ச கடனையும் எழுதுங்க. கணவருக்குத் தெரியாத குழுக்கடனும், மனைவிக்குத் தெரியாத தண்டல் கடனும் ஒரே பக்கத்தில் வரட்டும். சண்டை வரும், வந்துட்டுப் போகட்டும்.

அந்த நோட்டு, லோன் அட்டை, வந்த நோட்டீஸ், செட்டில்மென்ட் கடிதம் இருந்தா அதுவும் எடுத்துக்கிட்டு உங்க பகுதிக் கிளைத் தோழர்களைப் பாருங்க. கடிதம் எழுத, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட வர, ஆள் இருப்பாங்க. பொறுப்பாளர்கள் யாரும் இதுக்குப் பணம் வாங்கக் கூடாது; வாங்கினா எங்களுக்குச் சொல்லுங்க. கமென்டில் கடன் கணக்கு எண், ஃபோன் நம்பர் போடாதீங்க, ஏஜென்ட்டுகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்க. இன்பாக்ஸுக்கு வாங்க.